வீடு விற்பனைப் படங்களுக்குக் கேமராவை மாற்றுவது எப்படி: சேலத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் வீடு கட்டி விற்பவர்கள் படம் எடுக்க அழைக்கும்போது தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. கூடத்தில் உள்ள சோபாவும் ஷோகேஸும் தெளிவாகத் தெரிய வேண்டும், அதே படத்தில் ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையும் தெரிய வேண்டும் என்பார்கள். மலை தெரிகிற வீடு என்பது அந்தப் பகுதியில் விலையைக் கூட்டிச் சொல்ல உதவும் சங்கதி. கல்யாண வேலையிலிருந்து இந்த வேலைக்கு வரும் இளைஞர் தம் கையில் இருக்கும் கேமராவில் முயன்று பார்க்கிறார். மலை வந்தால் கூடம் இருட்டாகிறது. கூடம் வந்தால் ஜன்னல் வெள்ளைத் தாளாகிறது. கேமரா பழையதாகிவிட்டது, ஃபுல் ஃபிரேம் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா) வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டித் தவணையில் ஒரு பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, வாங்குகிறார். வாங்கிய பிறகும் ஜன்னல் வெள்ளையாகவே இருக்கிறது.

நானும் அப்படி வாங்கியவன்தான். பயன்படுத்திய கேனன் 6டி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, என்னிடம் ஏற்கெனவே இருந்த 10-18 மி.மீ. லென்ஸை மாட்டப் பார்த்தபோது அது பாடியில் உட்காரவே இல்லை. அது இ.எஃப்-எஸ் வகை லென்ஸ். க்ராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார், உள்ள பாடிகளுக்கென்றே செய்யப்பட்டது. கேனனின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) எதிலும் பொருந்தாது. மறுநாள் ஒப்புக்கொண்டிருந்த வேலைக்கு 24-105 மி.மீ. லென்ஸோடு போய், படுக்கையறைகளைப் பாதிப் பாதியாக எடுத்துக் கொடுத்தேன். படங்களைப் பார்த்த பில்டர், “தம்பி, மலையும் தெரியல, ரூமும் முழுசா தெரியல, இதுக்கா இவ்ளோ பெரிய கேமரா?” என்று கேட்டார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வரிசை அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது.

முதல் படி: பழைய கேமராவின் குறை எது என்று கண்டுபிடியுங்கள்

வெயில் அடிக்கும் ஒரு நாள் காலை 11 மணிக்கு உங்கள் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். படுக்கையறையின் ஒரு மூலையில் முதுகு சுவரில் படும்படி நின்று, கிட் லென்ஸை (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸை) 18 மி.மீ.-இல் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஜன்னல் உள்ள சுவரை நோக்கி, வெளிக்காட்சி சரியாக வரும் அளவில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) ஒரு படம் எடுத்து, அதன் இருண்ட பகுதிகளைக் கணினியில் தூக்கி, அதாவது வெளிச்சமாக்கிப் பாருங்கள். மூன்றாவதாகக் கதவு நிலை தெரியும்படி ஒரு படமும், பகல் வெளிச்சத்தோடு டியூப் லைட்டையும் போட்டுக்கொண்டு ஒரு படமும் எடுங்கள்.

முதல் படத்தில் அறை அடங்கவில்லை என்றால் உங்கள் குறை லென்ஸில் இருக்கிறது. இரண்டாம் படத்தில் இருண்ட பகுதிகளைத் தூக்கும்போது புள்ளிகளும் கோடுகளும் கிளம்பினால் குறை சென்சாரிலும் எடுக்கும் முறையிலும் இருக்கிறது. கதவு நிலை சாய்ந்து கூம்பினால் ஸ்டாண்டில், அதாவது டிரைபாடில், கவனம் வேண்டும். சுவரின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் இருந்தால் விளக்குகளைக் கவனிக்க வேண்டும். புதிய பாடி வாங்குவதால் தீரக்கூடியது இந்த நான்கில் இரண்டாவது மட்டுமே, அதுவும் ஓரளவுக்குத்தான். ஆகவே நான்கில் எது உங்களை அதிகம் தொந்தரவு செய்கிறது என்று தெரியும் வரை கடைப்பக்கம் போக வேண்டாம்.

வெறும் மனைகளை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. வேலிக்கல்லும் தார்ச் சாலையும் தெரிய வேண்டிய படத்துக்குக் கையிலுள்ள நல்ல செல்போனே போதும்.

இரண்டாம் படி: அறையை அடக்கும் லென்ஸ்

அறையின் மூலையில் நிற்கும்போது உங்களுக்கு இருபுறமும் ஓடும் சுவர்களுக்கு இடையே உள்ள கோணம் 90 டிகிரி. கேனன் க்ராப் சென்சாரில் 18 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகப் பார்க்கும் கோணம் சுமார் 64 டிகிரி. நிக்கான், சோனி, ஃபுஜி க்ராப் சென்சார்களில் சுமார் 66 டிகிரி. அதாவது நீங்கள் சுவருக்குள் புகுந்து நின்றாலும் அந்த லென்ஸுக்கு அறை அடங்காது. கேனன் க்ராப்பில் 10 மி.மீ. வைத்தால் 96 டிகிரி வருகிறது. ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. லென்ஸ் தருவதும் ஏறத்தாழ அதே கோணம்தான். க்ராப்பைவிடவும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 8 மி.மீ. அந்த இடத்தைப் பிடிக்கிறது. சேலத்துத் தனி வீடுகளில் 10-க்கு 12 அடிப் படுக்கையறையும், அதைவிடச் சிறிய சமையலறையும்தான் அதிகம் என்பதால், இந்த 90 டிகிரிக் கணக்கு உங்கள் மொத்தத் திட்டத்துக்கும் அடிப்படை.

கேனன் க்ராப் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 2014-இல் வந்த இ.எஃப்-எஸ் 10-18 மி.மீ. ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸ் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது. அதன் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 4.5-இல் தொடங்குவதைப் பார்த்து (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) மங்கலான லென்ஸ் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் நாம் எப்படியும் ஸ்டாண்டில் வைத்து எஃப் 8-இல்தான் எடுக்கப் போகிறோம் என்பதால் அதை ஒரு குறையாகவே கருத வேண்டியதில்லை. நிக்கானில் அதற்கு இணையானது 2017-இல் வந்த ஏ.எஃப்-பி டிஎக்ஸ் 10-20 மி.மீ. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏ.எஃப்-பி லென்ஸ்களின் ஃபோகஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால், டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் தானாக ஃபோகஸ் ஆகாது என்பதோடு, கையால் திருப்பியும் ஃபோகஸ் செய்ய முடியாது. டி3300 அல்லது அதற்குப் பிந்தைய பாடி வைத்திருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

பழைய நிக்கான் பாடி வைத்திருப்பவர்களுக்கு டோக்கினா 11-16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் முதல் பதிப்பு உதவும். அதில் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. கல்யாணக்காரர்கள் அதனாலேயே அதைத் தள்ளிவிடுகிறார்கள். ஓடாத சுவரைப் படம் எடுப்பவருக்கு ஆட்டோ ஃபோகஸ் எதற்கு? க்ராப் சென்சாரில் 11 மி.மீ., எஃப் 8 என்று வைத்து, சுமார் 1 மீட்டர் தூரத்தில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக நிற்கும். அப்படியே விட்டு வீடு முழுவதும் எடுத்து முடித்துவிடலாம்.

கண் கூசும் அளவுக்கு அகலமாக எடுக்கும் ஆசையும் இந்த லென்ஸோடு சேர்ந்தே வரும். 10 மி.மீ.-இல் எல்லா அறைகளையும் எடுத்தால், ஓரத்தில் உள்ள கட்டில் கால் நீண்டு படகு போலாகும்; எதிர்ச் சுவர் தூரத்தில் போய் நிற்கும்; படத்தைப் பார்த்துவிட்டு வீடு பார்க்க வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். மூலையிலிருந்து எடுக்கும் ஒரு படத்துக்கு மட்டும் 10 அல்லது 11 மி.மீ. போதும். மற்றவற்றை 13 முதல் 16 மி.மீ.-க்குள் எடுப்பது என் வழக்கம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி நட்டப்பட்டவருக்குப் பில்டரைப் பொறுப்பாளியாக்குகிறது. எனவே வீட்டு முன் நிற்கும் மின்கம்பத்தையோ, மொட்டை மாடிக்கு மேலே போகும் உயர் மின்னழுத்தக் கம்பியையோ கணினியில் அழித்துத் தரச் சொன்னால், அது உங்களுக்கும் அவருக்கும் நல்லதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஜன்னலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி

இதுதான் புதியவர்களைப் பாடி மாற்றத் தூண்டும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். ஒளி இரு மடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்கிறோம். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்வைக் குறிக்கும் எண்) 100, அபர்ச்சர் எஃப் 8 என்று வைத்துக்கொண்டால், உச்சி வெயில் விழும் மலைச் சரிவுக்கு ஷட்டர் ஏறத்தாழ 1/400 விநாடி திறந்திருக்க வேண்டும். அதே அமைப்பில், விளக்குப் போடாத நம் கூடத்துக்கு 1 விநாடி வரை தேவைப்படும். இரண்டுக்கும் இடையே 400 மடங்கு வித்தியாசம். ஸ்டாப் கணக்கில் எட்டரைக்கும் மேல்.

இப்போது ஃபுல் ஃபிரேம் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு 36-க்கு 24 மி.மீ. நிக்கான், சோனி க்ராப் சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பில் இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கேமராக்களை ஒப்பிட்டால், பெரிய சென்சார் தருகிற ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். எட்டரை ஸ்டாப் பள்ளத்தை ஒரு ஸ்டாப் மண்ணால் நிரப்ப முடியாது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது பிராக்கெட்டிங், அதாவது கேமராவை அசைக்காமல் ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் எடுத்துக் கணினியில் ஒன்று சேர்ப்பது. 1/400, 1/100, 1/25, 1/6, 0.6 விநாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் எடுத்தால் மலையும் கிடைக்கும், சோபாவின் அடியில் உள்ள தரையும் கிடைக்கும்.

எனவே பாடி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தானியங்கி பிராக்கெட்டிங்கில் எத்தனை படங்கள், எத்தனை ஸ்டாப் இடைவெளியில் என்பதே. நிக்கான் டி3300, டி3400, டி3500 ஆகியவற்றில் இந்த வசதியே கிடையாது; நல்ல சென்சார் கொண்ட கேமராக்கள்தான் என்றாலும் ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஷட்டரைத் திருப்ப வேண்டும், திருப்பும்போது ஸ்டாண்ட் மயிரிழை அசைந்துவிடும். டி5600-இலும் கேனன் 1500டி-யிலும் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் உண்டு. மூன்றுதானே என்று தயங்க வேண்டாம். 1/100-ஐ நடுவாக வைத்து ஒரு முறையும், 1/6-ஐ நடுவாக வைத்து ஒரு முறையும் எடுத்தால் மேலே சொன்ன ஐந்தும் வந்துவிடும். நிக்கான் டி7100, டி7200, டி750, கேனன் 80டி, 6டி ஆகியவை ஐந்து படங்களை ஒரே வீச்சில் தருகின்றன. இந்தப் பட்டியலில் க்ராப்பும் ஃபுல் ஃபிரேமும் கலந்து இருப்பதைக் கவனியுங்கள்.

பாடியை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்றும் இருக்கிறது. கேனன் 600டி, 700டி, 1200டி, 1300டி போன்ற 18 மெகாபிக்சல் பாடிகளில் இருண்ட பகுதிகளை மூன்று ஸ்டாப்புக்கு மேல் தூக்கினால் கோடு கோடாகத் தெரியும். பிராக்கெட்டிங் ஒழுங்காகச் செய்தால் அந்தக் குறை வெளியே தெரியாது. ஆனால் நாளொன்றுக்கு நான்கு வீடு எடுத்து, ஒரே ரா கோப்பிலிருந்து சட்டென்று படம் தயார் செய்து அனுப்பும் வேலையாக இருந்தால், அங்கே பழைய சென்சார் உங்களைத் தினமும் இழுத்துப் பிடிக்கும். அப்போது மாற்றுவது நியாயமான செலவு.

வடக்கு நோக்கிய ஜன்னல்தான் கன்னங்குறிச்சியில் மலையைக் காட்டும். சூரியன் உதித்த ஒரு மணி நேரத்துக்குள்ளோ, அடைவதற்குச் சற்று முன்போ எடுத்தால் வெளி வெளிச்சம் இறங்கி வந்து, எட்டரை ஸ்டாப் என்பது ஐந்தாறாகக் குறையும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

நான்காம் படி: ஸ்டாண்டும் மட்டமும்

பாடிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஸ்டாண்டில் போடுங்கள். வீடியோவுக்கென்று விற்கும் ஒல்லியான அலுமினிய ஸ்டாண்டுகள் டைல்ஸ் தரையில் வழுக்கும். நடுக்கம்பியை உயர்த்தினால் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். நடுக்கம்பியைத் தூக்காமலேயே 5 அடி உயரம் நிற்கக்கூடியதாகவும், தலைப்பகுதியில் முன்பின், இடவலம் என்று ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிப் பிடி உள்ளதாகவும் பாருங்கள். பால் ஹெட் என்கிற உருண்டைத் தலையில் ஒரு பக்க மட்டத்தைச் சரி செய்தால் மறு பக்கம் கெடும். அந்த எரிச்சலை ஒரே நாளில் உணர்ந்துவிடுவீர்கள்.

கேமராவை மேலேயோ கீழேயோ சாய்த்தால்தான் கதவு நிலைகள் கூம்புகின்றன. லென்ஸ் தரைக்கு இணையாக இருந்தால் எவ்வளவு அகலமான லென்ஸும் நிலையை நேராகவே காட்டும். பத்தடிச் சுவருக்கு நாலரை அடி உயரமும், சமையல் மேடை தெரிய வேண்டிய படத்துக்கு நான்கடி உயரமும் எனக்குச் சரியாக வருகின்றன. இதற்காகப் பாடியில் மின்னணு மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்; முன்பின் சாய்வையும் அது காட்டினால் இன்னும் நல்லது. மடங்கும் திரையும் இங்கே பெரிய உதவி, ஏனென்றால் சுவரோடு ஒட்டி வைத்த கேமராவின் பின்னால் உங்கள் தலை நுழைய இடமிருக்காது. ஷட்டரை விரலால் அமுக்காமல் 2 விநாடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள். எடுப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஐந்து படங்களிலும் இறக்கைகள் வெவ்வேறு இடத்தில் நின்று, சேர்த்த படத்தில் பேய் போலத் தெரியும்.

கட்டடங்களுக்கென்றே உள்ள கேனன் டிஎஸ்-இ 17 மி.மீ. போன்ற ஷிஃப்ட் லென்ஸ்கள் (கேமராவைச் சாய்க்காமலேயே காட்சியை மேலே, கீழே நகர்த்துபவை) அருமையானவை. அவற்றின் விலைக்கு இந்த ஊரில் வீட்டுப் படக் கூலி எத்தனை மாதம் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு நானே விட்டுவிட்டேன்.

விளக்கும் ஃபிளாஷும்

பகலில் நல்ல ஜன்னல் இருக்கும் அறையில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு எடுப்பதே நிறத்துக்கு நல்லது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். நம் வீடுகளின் வெள்ளை டியூப் லைட் 6,500 கெல்வின். ஃபேர்லேண்ட்ஸ் அடுக்ககங்களின் ஃபால்ஸ் சீலிங்கில் ஒளித்து வைத்த மஞ்சள் எல்.இ.டி. 3,000 கெல்வின். மூன்றும் ஒரே சுவரில் விழுந்தால் எந்தக் கேமராவாலும் சரி செய்ய முடியாது. குகை, அம்மாப்பேட்டைத் தெருக்களில் முன்னும் பின்னும் மட்டும் வெளிச்சம் வரும் நீண்ட வீடுகளின் நடு அறைக்கு விளக்கு இல்லாமல் தீராது. அதற்காக ஒரே நிறமுள்ள ஆறு எல்.இ.டி. பல்புகளைப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரின் பல்புகளைக் கழற்றி இவற்றைப் போட்டு எடுத்துவிட்டுத் திரும்ப மாற்றிவிடுவேன்.

மிரர்லெஸ் கேமராவில் (டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத புது வகையில்) சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. வேகமான எலக்ட்ரானிக் ஷட்டரில் அது படம் முழுக்கப் பட்டை பட்டையாகப் பதியும்.

ஃபிளாஷ் சேர்த்து எடுக்க விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய பாடிகளின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில்), சாதாரண ஃபிளாஷ்களை இயக்கும் நடு முள் இல்லை. கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷையோ, ஸ்டூடியோவில் கிடக்கும் பழைய டிரிகரையோ (தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் கருவியையோ) மாட்டினால் அடிக்காது. கேனனுக்கென்று செய்த டிரிகரைக் கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, அடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாம் படி: இப்போது பாடியைத் தேர்ந்தெடுக்கலாம்

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் எண்களை இங்கே ஒதுக்கிவிடலாம். விநாடிக்கு எத்தனை படம், கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், உச்ச ஐ.எஸ்.ஓ. எதுவும் அசையாத கூடத்துக்கு வேண்டாம். மெகாபிக்சலும் அப்படித்தான். பில்டர் அச்சடிக்கும் ஏ4 கையேட்டின் முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ கணக்கில் 3508-க்கு 2480 பிக்சல் போதும், அதாவது 9 மெகாபிக்சலுக்குள். விளம்பரப் பலகை கேட்டால் அதைத் தூரத்திலிருந்துதான் பார்க்கப் போகிறார்கள்.

கையில் கேனன் க்ராப் பாடி இருந்தால், 10-18 லென்ஸை வாங்கி அதிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள். பிறகும் பாடி மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பயன்படுத்திய 80டி நல்ல அடுத்த படி. லென்ஸ் அப்படியே பொருந்தும். கேனன் மிரர்லெஸுக்குப் போக நினைத்தால், அடாப்டர் வழியாக உங்கள் பழைய லென்ஸ்கள் முழுமையாக வேலை செய்யும். ஆனால் ஆர்பி, ஆர்8 போன்ற ஃபுல் ஃபிரேம் பாடியில் இ.எஃப்-எஸ் லென்ஸை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். ஃபுல் ஃபிரேமுக்குப் பணம் கொடுத்துவிட்டு க்ராப்பை வாங்கியது போல ஆகும். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் 2021-இல் வந்த ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

டி3000 வரிசை நிக்கான் வைத்திருப்பவர்கள் பிராக்கெட்டிங் காரணமாகவே பாடியை மாற்றலாம் என்பது என் கருத்து; டி7200 அவர்களுக்குப் போதும். பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர்களைக் குறைத்து மதிக்க வேண்டாம். கல்யாணப் புகைப்படக்காரர்கள் மிரர்லெஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால், நல்ல நிலையில் உள்ள பாடிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களுக்குப் பழசான ஃபோகஸ் நமக்குத் தேவையே இல்லாதது. புதிதாகத் தொடங்குபவர், எந்த லென்ஸும் கையில் இல்லாதவர், மிரர்லெஸில் தொடங்குவதே முறை. அவரும் பாடியின் பெயரைக் கேட்கும் முன் அந்த மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) 90 டிகிரி தரும் லென்ஸ் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் வாடகைக் கேமரா கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆடி, மார்கழி மாதங்களில் அவை அலமாரியில் தூங்கும். வாடகையும் பேசிக் குறைக்கலாம், பழைய பாடியை விற்க நினைப்பவரும் அந்த மாதங்களில்தான் இறங்கி வருவார்.

பயன்படுத்திய பாடியை வாங்கும்போது எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். நிக்கான் படக் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். கேனனின் பெரும்பாலான பாடிகளில் அப்படி எளிதில் கிடைக்காது என்பதால் விற்பவர் சொல்லும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 6டி-க்கு ஒரு லட்சம், டி750-க்கு ஒன்றரை லட்சம் என்று நிறுவனங்கள் ஷட்டரின் ஆயுளைக் குறிக்கின்றன. கல்யாணத்தில் ஓடிய பாடி அதில் பெரும்பகுதியைத் தாண்டியிருக்கலாம். லென்ஸின் பின்புறம் செல்போன் டார்ச்சை அடித்து முன்புறமிருந்து பார்த்தால், சிலந்தி வலை போலப் பூஞ்சை இருப்பது தெரிந்துவிடும். பூஞ்சை உள்ள லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏற்காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காபித் தோட்ட பங்களா ஒன்றைப் படம் எடுக்கும்போது சேலத்துக் கணக்குகள் சில மாறும். பழைய பங்களாக்களில் கறுத்த மரக்கூரையும், சிவப்புச் சிமென்ட் தரையும், சிறிய ஜன்னல்களும் இருக்கும். கூரையில் ஃபிளாஷை அடித்துத் திருப்பலாம் என்று நினைத்தால் மரம் பாதி வெளிச்சத்தை விழுங்கி, மிச்சத்தைப் பழுப்பாக்கித் திருப்பித் தரும். அங்கே ஃபிளாஷைப் பையிலேயே விட்டுவிட்டு, பிராக்கெட்டிங்கில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுக்கும் மேலும் ஒரு படம் சேர்த்துக்கொள்வது நல்லது. 2 விநாடி, 4 விநாடி என்று போவதால் மரத்தரையாக இருந்தால் அதில் யாரும் நடக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பனி மூட்டம் இறங்கினால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இடைவெளி தானாகக் குறைந்துவிடும். ஆனால் ஜன்னலில் காட்ட வேண்டிய சில்வர் ஓக் மரங்களும் மறைந்துவிடும் என்பதால், முதலில் வெளிப்படங்களையும் ஜன்னல் படங்களையும் எடுத்துவிட்டுப் பிறகு உள்ளறைகளுக்குப் போகிறேன். பனித்துளி படும் என்று பயந்து விலை உயர்ந்த நீர் காப்புப் பாடியைத் தேட வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையும் லென்ஸ் துடைக்கும் துணியும் போதும்.

மலையிலிருந்து இறங்கி வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸின் மேல் சேலத்துக் காற்றின் ஈரம் படிந்து கண்ணாடிக்குள்ளும் ஆவி பிடிக்கும்; ஒரு மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். ஏற்காட்டில் தங்கி வேலை செய்பவர்கள் லென்ஸைத் தோல் பையிலோ துணிப் பையிலோ நாள்கணக்கில் வைக்க வேண்டாம். பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லையும் சிறிய ஈரப்பதமானியையும் போட்டு வையுங்கள். முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சமையலுக்கு எடுக்காத வாணலியாகப் பார்த்து வறுங்கள்.